எவ்வளவு குடித்தது

கசவனஹள்ளி வளைவில்
ஏரி தூர்வாரிய லாரி
ஸ்பீடு பிரேக்கரில் குலுங்க,
என் முன்னால் விழுந்தது ஒரு கட்டி சேறு.
அதில் கோரை, வேரோடு, ஒரு பிடி.
ஸ்கூட்டியைச் சாய்த்து நிறுத்தி
டிபன் பையில் அள்ளிக்கொண்டேன்.
ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது.

செத்த வாஷிங் மெஷினின் பிளாஸ்டிக் தொட்டி,
எம்-சீல் வைத்து அடைத்த இரண்டு ஓட்டை,
பாதிக்குக் களிமண், மேலே நாலு விரல் தண்ணீர்.
பின்கட்டில், துணிக்கொடிக்குக் கீழே.
"ஜேக்கு ஹுல்லா?" என்றார் வீட்டுக்காரர் திம்மராயப்பா.
வயலில் அதைப் பிடுங்கியே
அவர் அப்பாவுக்கு முதுகு வளைந்ததாம்.
"காசு கொடுத்தா வாங்கினீர்கள்?"
இல்லை என்றேன்.
கொசு வரும் என்றார்.
கொசுவுக்கு நாலு குஞ்சு மீன் விட்டேன்.

பத்து நாள் பழுத்தது. போய்விட்டதென்றே நினைத்தேன்.
பதினோராம் நாள் சேற்றிலிருந்து
ஊசி ஊசியாய்.
தண்டை விரலிடுக்கில் உருட்டினால் உருளாது;
மூன்று விளிம்பு, தட்டித் தட்டி நிற்கும்.

எனக்கு வேலை டயாலிசிஸ் பிரிவில்.
மூன்றாம் படுக்கை சவரிநாதன்,
மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர்.
நாளுக்கு அறுநூறு மில்லி அவருக்கு,
ரசம், மோர், மாத்திரை விழுங்கும் மடக்கு
எல்லாம் சேர்த்து.
ஒருநாள் கோரையைப் பற்றிச் சொல்லிவிட்டேன்,
ஊசி குத்தும்போது பேச ஏதாவது வேண்டுமே.
அன்றிலிருந்து வாரம் மூன்று நாளும்
எடை பார்க்கும் முன்பே கேள்வி:
"எவ்வளவு குடிச்சுது?"
அரிசி கழுவின தண்ணி ஒரு சொம்பு, சார்.
இன்னிக்கு வெயில் ஜாஸ்தி, ரெண்டு வாளி.
"ரெண்டு வாளி," என்பார் கண்ணை மூடி.
தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும்.
குறைத்துச் சொல்லலாமா என்று யோசித்ததுண்டு.
கண்டுபிடித்துவிடுவார்.

செப்டம்பரில் ஒரு ராத்திரி
தெருவே பழைய ஏரியாயிற்று.
கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜ் மல்லாந்தது.
டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்:
தொட்டி மிதந்து கேட்டைத் தாண்டிக்கொண்டிருக்கிறது,
கோரை நிமிர்ந்தபடி.
முழங்கால் தண்ணீரில் திம்மராயப்பா
லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு துரத்துகிறார்,
கன்னடத்தில் அதைத் திட்டிக்கொண்டே.
பிடித்துவந்து ஜன்னல் கம்பியில் கட்டினார்.
மீன்கள் போய்விட்டன. எங்கே என்று யாருக்குத் தெரியும்.

வியாழக்கிழமை, சேறு காயாத செருப்போடு வேலைக்குப் போனேன்.
அன்று மட்டும் சவரிநாதன்
ஊசி ஏறி, மெஷின் ஓடத் தொடங்கிய பிறகுதான் கேட்டார்.
"தெரு முழுக்க, சார்.
எங்க ஃப்ரிட்ஜுக்கும் ஊத்திக் குடுத்துச்சு."
அவர் சிரித்த சிரிப்பில் கை மடங்கி
மெஷின் அலறத் தொடங்கியது.