போன வருடப் பதிப்பு

சபுர்தாலோ மெட்ரோ வாசல். சேறாகிவிட்ட பனி.
நெஸ்தான் இரண்டு பைகளையும் தூக்கிப் பார்க்கிறாள்.

ஒன்று, ஒரே தடவையில் தேறிய பெண்ணுடையது.
ஐந்து பாகம், ஒரு மடிப்பில்லை,
மஞ்சள் கோடெல்லாம் ஸ்கேல் வைத்து இழுத்தது.
நானூறு லாரி. வாடகையில் பாதி.

மற்றது ஜூராபுடையது. போன வருடப் பதிப்பு.
குத்தகைக் கணக்கு விதி மாறிவிட்டது,
அந்த அத்தியாயத்தைக் கிழித்தே எறிந்துவிட்டேன் என்கிறார்.
இரண்டு தடவை எழுதினார்.
இரண்டு தடவையும்.

கடன்பத்திரப் பக்கத்தைப் புரட்டுகிறாள்.
வட்டி ஏறினால் விலை ஏன் இறங்க வேண்டும்?
ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறார்.
நாலு பக்கம் தள்ளி: இன்னும் புரியவில்லை.
பிறகு, காபிக் கறைக்குக் கீழே,
ஓ.

ஆறு வருட வங்கிக் கவுன்ட்டரில்
அவளுக்கு ஒருநாளும் வராத ஓ.

எழுபது லாரி. எண்ணிக் கொடுத்தாள்.
கையுறையை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்:
தேறினால் எனக்குச் சொல்ல வேண்டாம்.

பத்தடி போனவர் திரும்பி வந்தார்.
மூன்றாம் பாகத்தில், கடைசியில்,
பதினேழாவது கேள்விக்கு அச்சிட்ட விடை தப்பு.
நான் எழுதியிருப்பதுதான் சரி.