ஏழாம் வரிசை, நான்காம் நாற்காலி

ஹாமில்டனில் அதை மலை என்பார்கள்.
மலையைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள்;
நூறு மீட்டர் மேடு, அவ்வளவுதான்.
மேட்டின் மேல் கல்லூரி.
கீழே, மேப்பிள் மரங்களுக்கு நடுவே, பல்கலைக்கழகம்.
அங்கே இரண்டு வருடம், கையில் கிரீஸ்.
இங்கே நான்கு வருடம், சுவரில் பட்டம்.
மேற்படிப்பு என்றால் மேலேதானே போகவேண்டும் என்று
ஒருநாள் விளையாட்டாய்ச் சொன்னேன்.
சாப்பாட்டு மேசையில் யாரும் சிரிக்கவில்லை.

பட்டத்தை மாட்ட ஆணி அடித்தாயிற்று,
நான் எட்டாவது படிக்கும்போதே.
இப்போதைக்கு அதில் காலண்டர் தொங்குகிறது,
ஜூன் ஒன்றைச் சுற்றிச் சிவப்பு வட்டத்தோடு.

என் அம்மா தியோலிந்தா
பதினோரு வருடமாகப் பல்கலைக்கழகம் போகிறாள்,
இரவு பத்து மணிக்கு,
வாளியோடு.
பேராசிரியர்களை அவளுக்குத் தெரியாது,
அவர்களுடைய குப்பைக்கூடைகளைத் தெரியும்.
எந்த மேசைக்கடியில் சூயிங்கம்,
எந்த ஜன்னல் சரியாகச் சாத்தாது,
எல்லாம் அத்துப்படி.
பெரிய அரங்கில்
ஏழாம் வரிசை நான்காம் நாற்காலியை
எனக்கென்று பிடித்து வைத்திருக்கிறாள்.
"அங்கிருந்து பலகை நேராகத் தெரியும், இரியா.
ஹீட்டரும் பக்கம்."
அதை மட்டும் இரண்டு தடவை துடைப்பாள்.
ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

அப்பா சுவர் பூசியவர்.
முதுகு போனபின் பேச்சும் சுருங்கிவிட்டது.
"என் கையைப் பார்" என்பார்.
அதுதான் அவருடைய வாதம், அதுவே தீர்ப்பு.
பார்த்தேன் அப்பா.
விவரம் தெரிந்த நாளிலிருந்து
அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்,
வினையே அங்கேதான்.

மீன்கடையில் நான் வேலைக்கு நின்ற ஒரு சனிக்கிழமை
உறைபெட்டி நின்றுபோனது.
முதலாளி செல்சோ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.
பழுது பார்க்க வந்தவள் அவசரப்படவில்லை.
பெட்டியின் விலாவில் காதை வைத்தாள்,
தூங்கும் குழந்தையிடம் வைப்பதுபோல.
"கம்ப்ரஸர் இல்லை, ரிலே" என்றாள்.
உள்ளங்கையளவு பொருள்.
ஏற்கெனவே செத்துப்போன மீன்கள்
அன்று மறுபடி பிழைத்தன.
எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இரண்டு இடமும் என்னை ஏற்றுக்கொண்டன.
திரையில் இரண்டு சன்னல்கள்.
ஒன்றில் பொருளாதாரம், அம்மா சொன்னது.
ஒன்றில் குளிர்சாதனம், யாரும் சொல்லாதது.
காலை ஆறேகாலுக்கு
பிளீச் வாசத்தோடு அம்மா உள்ளே வந்தாள்.
ஷூவைக் கழற்றாமலே கேட்டாள்:
"அழுத்திவிட்டாயா?"
"ஆச்சு."
"எதை?"

குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.
பிறகு இன்னொன்று.

ஒன்பது நாள் பேசவில்லை.
சூப்பில் உப்பு மட்டும் எப்போதும்போல் சரியாக இருந்தது.
அந்த நாற்காலியை இன்னமும்
இரண்டு தடவை துடைக்கிறாளா?
கேட்க வாய் வரவில்லை.
அப்பா ஒருமுறை என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்துவிட்டார்.

பத்தாம் நாள் விடியலில்
போனை என் தலையணைமேல் வைத்தாள்.
அதிலிருந்து ஒரு சத்தம்:
கரகரவென்று, நடுநடுவே ஒரு விக்கல்.
"இரண்டாம் மாடி ஃபிரிட்ஜ்," என்றாள்.
"ஒரு மாதமாக இப்படித்தான். யாரும் பார்க்கவில்லை."
ஒலிப்பதிவின் அடியில் அவள் மூச்சும் கேட்டது,
பக்கத்தில் குனிந்து நின்றிருக்கிறாள்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.
"ஃபேனில் ஐஸ் உரசுகிறது."

"படிக்காமலே தெரிகிறதே,
பிறகு எதற்குக் கல்லூரி?"
என்று முறைத்தாள்.
போர்வையை ஒதுக்கி விளிம்பில் உட்கார்ந்தாள்.
மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.