மூன்று வருட வாரண்டி

மதர்போர்ட் வந்த பெட்டியை
வெளிப்படியில் வைத்தது என் பிழைதான்.

கொழும்பு இரவு பஸ்ஸில்
மடியை விட்டு இறக்காமல்
கொண்டுவந்தான் சுகிர்தன்.
டச்பே உப்புக்காற்றுக்கு ஜன்னல்களைச் சாத்தி
ஃபேனையும் நிறுத்தி
சாப்பாட்டு மேசையில் பரப்பினோம்.
புரொசசர் இறங்கும்வரை
இருவரும் மூச்சு விடவில்லை.
ஒரு ஸ்குரூ உருண்டு
அரிசி வாளிக்குப் பின்னால் போனது,
போகட்டும்.

பொத்தானை அமத்தினேன்.
ஒன்றுமில்லை.
இன்னொருதரம்.
வியர்வை மூக்கு நுனியில் நின்றது.

'ரேம் சரியா இருக்கேல்ல, இன்னும் அமத்து.'
'உடைஞ்சிடுமடா.'
'உடையாது, நிரோஜி. அமத்து.'

டிக்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள்;
தான் யாரென்று
அது தனக்கே வாசித்துக்கொண்டது.

காற்றுக்குக் கதவைத் திறந்தேன்.
படியில் கோட்டைப் பக்கத்து மான்.
பெட்டியில் பாதி இல்லை.
வாரண்டி அட்டையின் ஒரு மூலை
வாயோரம் மெல்ல
உள்ளே போய்க்கொண்டிருந்தது.