தலைவர் என்ற கட்டம்

நான்தான் எழுதினேன்.
தம்பிலுவில் பள்ளிக்கூடத்தின் நாலாம் வகுப்பில்,
கரும்பலகையில் மூன்றாந் தவணைப் பரீட்சை அட்டவணை
அழியாமல் கிடக்க,
நாளுக்கு முந்நூற்றைம்பது ரூபாய்க்கு
நீல மையில் எழுதினேன்.

படிவத்தில் பதினேழு கட்டங்கள்.
முதலாவது: குடும்பத் தலைவர்.

அருந்தவமலர் முன்னால் இருந்தாள்.
எந்த நாட்டிலோ யாரோ கழற்றிக் கொடுத்த கம்பளிச் சட்டை
மாரி ஈரத்தில் கனத்துத் தொங்கியது.
பக்கத்தில் நவரெத்தினம், மடியில் நிவாரணப் பை.
அந்தப் பையில் சவரக்கத்தி மூன்று இருந்தது.
அவளுக்கு அந்த மாதம் வந்தபோது
வகுப்பறை யன்னல் திரையைக் கிழித்தாளாம்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

“தலைவர் ஆர்?” என்றேன்.
“எதுக்குத் தலைவர்?”
“வீட்டுக்கு.”
“வீடு என்ட. அம்மா எனக்குத் தந்த.
இவர் கலியாணம் முடிச்சி வந்து ஏறின வீடு.
மறுகா என்னகா கேள்வி?”

நவரெத்தினம் தலையாட்டினான்.
“ஓம், நான் வரக்குள்ள ஒரு றங்குப்பெட்டியும் சைக்கிளும்தான்.”
அவனுக்கு அதில் வெட்கம் ஏதும் இல்லை.
எங்கள் கரையில் ஆண்கள் அப்படித்தான்:
பெண்ணின் வாசலுக்குள் நுழைந்து
ஆயுள் முழுக்க விருந்தாளியாய்,
கொஞ்சம் அதிகாரியாய் இருப்பார்கள்.

கொழும்பிலிருந்து வந்த இணைப்பாளர்
கணினியில் ஒரு பெயருக்குத்தான் இடம் என்றார்.
ஆண் இருந்தால் ஆண்.
ஆண் இல்லாவிட்டால் மட்டும் பெண்.
நல்ல மனிதர். எங்களுக்கு
நுளம்புத்திரி வாங்கித் தந்தவர்.

அதாவது
ஒருத்தி தன் வீட்டைத் தன் பெயரில் வைத்திருக்க
புருஷன் கடலோடு போயிருக்க வேண்டும்.
அடுத்து வந்த பூமணிப்பிள்ளைக்கு அது வாய்த்திருந்தது.
அவள் பெயரை எழுதும்போது
என் பேனைக்குத் தடங்கலே இல்லை.

அக்கரைப்பற்றில் நஸ்மியா என்றொருத்தி
இதே படிவத்தை, இதே கூலிக்கு நிரப்பினாள்.
அங்கேயும் வீடு மகளுக்குத்தான் போகும்.
பின்னாளில் பஸ்ஸில் சந்தித்துக் கணக்குப் பார்த்தோம்:
இரண்டு பேருமாய்
நானூற்றுச் சொச்சம் தலைவர்களை உண்டாக்கியிருந்தோம்.
சிரித்தோம். பிறகு
சாகாமம் சந்திவரை பேசவில்லை.

வீடு வந்தது. தகரக் கூரை, இலக்கத் தகடு,
உறுதியில் நவரெத்தினம்.
மூன்றாம் வருடம் ஒருநாள், யாரோ வழி கேட்க,
“அந்தா, என்ட வீடு” என்று கை காட்டினான்.
அவன் கெட்டவனாகவில்லை. குடிக்கவில்லை, அடிக்கவில்லை.
காகிதத்தில் இருந்தது
வாய்க்கு வந்து சேர மூன்று வருடம் எடுத்தது, அவ்வளவுதான்.

மகள் லோஜிதாவுக்குக் கலியாணம் பேசியபோது
வீட்டை எழுதிக் கொடுக்க அவன் கையெழுத்து வேண்டும்.
“பாப்பம்” என்றான்.
எட்டு மாதம் பார்த்தான். பிறகு வைத்தான்.
அந்த எட்டு மாதமும்
அருந்தவமலர் அவனுக்கு மீனின் நடுத்துண்டை வைத்தாள்.
அவள்தான் சொன்னாள். என்னைக் குறை சொல்லவில்லை.
குறை சொல்லியிருக்கலாம்.

இந்த மார்கழி வெள்ளம் என் வீட்டுக்குள்ளும் வந்தது.
அதே பள்ளிக்கூடம். மேசைக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் பெடியன் ஒருவன்,
கையில் டெப்லெட், கழுத்தில் அட்டை,
பாலின சமத்துவம் என்று எழுதிய ரீசேட்.
“அக்கா, குடும்பத் தலைவர் ஆர்?”

முதல் கட்டம் நிரம்பாமல்
இரண்டாவது திறக்காதாம்.
“ரெண்டு பேரையும் போடுங்க தம்பி.”
“அது எடுக்காதே அக்கா.”
“அப்ப எடுக்கிற மாதிரி ஆக்கச் சொல்லுங்க,
போன் பண்ணுங்க. நான் நிக்கிறன்.”

வரிசை வாசலைத் தாண்டி நீண்டிருந்தது.
ஒருவன் முணுமுணுத்தான். ஒரு பிள்ளை அழுதது.
எனக்குப் பின்னால்
அருந்தவமலர் குடையை மடக்கி,
தண்ணீரை உதறி,
சுவரோடு சாய்த்து வைத்தாள்.