தண்ணீர்ச் சாவி

மே பதினேழு. காலை ஏழு மணி.
நார்வேயின் கொடிநாள்.
ஃபியோர்டின் மேல் மழை,
எங்கள் மேல் இன்னும் இல்லை.
கல்லறைத் தோட்டத்துச் சரளைக்கல்லில்
முப்பத்தொரு நீலச் சட்டைகள்.
என் கையில் ஆல்ட்டோ ஹார்ன்,
சட்டைப்பையில் பெயர்ப்பட்டியல்.

பட்டியலை எழுதுவது நான்தான்.
பன்னிரண்டு ஆண்டுகளாய் வாத்தியக் குழுவின் செயலாளர்;
ஆகவே சாவும் என் இலாகா.
பிறந்த தேதி, வாசித்த கருவி, வாங்கிய பதக்கம்.
மூன்று வரிக்கு மேல் போனால்
அச்சகத்தில் காசு கேட்பார்கள்.

தூர்லைஃப் ஸ்கோர்.
கார்னெட் தனிக்கலைஞர், இருமுறை வானொலியில் வாசித்தவர்
என்று எழுதினேன்.
எழுதாதது:
முப்பத்தாறு வயதில் மீன்துறையின் பனியில் வழுக்கி
முன்பல் நான்கையும்
ஹெர்ரிங் பீப்பாயின் விளிம்பில் விட்டுவிட்டு வந்தார்.
ஓராண்டு ஒத்திகை அறைப் பக்கம் தலைகாட்டவில்லை.
பிறகொரு செவ்வாய்க்கிழமை
டிராம்போனோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.
"இதற்கு வாய் பெரிது,
பொய்ப்பல்லை மன்னித்துவிடுகிறது."
அதற்குப் பின் முப்பது ஆண்டு
தனியாக ஒரு சுரம் வாசித்தவரில்லை.
முன்வரிசைக் கார்னெட்
உச்சத்துக்கு ஏறும்போதெல்லாம்
பின்னால் ஒரு தோள் மட்டும்
அதற்காக மூச்சிழுக்கும்.

குன்வோர் ஹெல்லே, டியூபா.
போர்க்காலத்தில் பித்தளை கேட்டு வீடுவீடாக வந்தார்கள்.
அவள் அப்பாவின் டியூபா உருளைக்கிழங்கு நிலவறையில்,
வாய் நிறைய உருளைக்கிழங்கோடு
ஐந்து குளிர்காலம் பேசாமல் கிடந்தது.
விடுதலை நாளில் முதல் ஊது:
எலிக்கூடு ஒன்று பறந்துபோய்ப் பாதிரியார் மடியில் விழுந்தது.
பெண்ணுக்கு நுரையீரல் போதாதென்றார் குழுத்தலைவர்.
பால்கேன்களோடு ஃபியோர்டைத் தினம் இருமுறை
துடுப்பால் கடந்தவள்
பதில் சொல்லவில்லை.
அவர் பைப்பைப் பற்றவைக்கத் தீக்குச்சி கிழித்த கணத்தில்
அடிச்சுரம் ஒன்றைத் தொடங்கினாள்.
குச்சி எரிந்து அவர் விரலைத் தொட்டது.
சுரம் முடிந்திருக்கவில்லை.

இந்த ஆண்டின் புதிய பெயர்: ஓட்வார் லோத்தே.
யூஃபோனியம். இயற்பியல் ஆசிரியர்.
எனக்கு அவரைப் பிடிக்காது.
ஒரு ஃப்ளாட் குறிக்காக ஏழு ஆண்டு
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
நடைப்பாட்டின் இரண்டாம் பகுதியை அவர்தான் கையால் படியெடுத்தார்;
அங்கே அந்தக் குறி தவறு என்றேன் நான்.
"காது இருந்தால் கேட்கும்" என்றார் அவர்,
எல்லோர் முன்னிலும்.

வாத்தியத்தில் சேரும் நீரை
எச்சில் என்று யார் சொன்னாலும் சண்டைக்கு வருவார்:
"எச்சில் இல்லையப்பா, மூச்சு.
குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீராகிறது, அவ்வளவுதான்."

சங்கீதம் ஒன்று வாசித்தோம்.
மாலை வைத்தார்கள்.
ஒரு நிமிட மௌனத்தில்
என் ஹார்னுக்குள் ஏதோ களகளத்தது.
அடுத்த பாட்டுக்குள் வெளியேற்றியாக வேண்டும்.
தண்ணீர்ச் சாவியை அழுத்தினேன்.
இன்னும் புல் பிடிக்காத மண்ணில்
நாலைந்து சொட்டு.
காலை நகர்த்தியிருக்கலாம்,
நகர்த்தவில்லை.
நீர்க்கடன் என்று சொல்ல நான் அவருக்கு யார்?
இயற்பியல், அவ்வளவுதான்.

டிரம் இருமுறை தட்டியது.
மழை ஒருவழியாக எங்களையும் கண்டுபிடித்தது.
கீழே பள்ளி வாசலில்
கொடிகளும் ஐஸ்கிரீமுமாய்க் குழந்தைகள்;
நடைப்பாடு அவர்களைப் பார்த்து இறங்கியது.
இரண்டாம் பகுதி வந்தது.
அந்த ஃப்ளாட்டும் வந்தது.

அவர் எழுதியபடியே ஊதினேன்.
தவறுதான்.
இப்போதும் தவறுதான்.