சிரட்டை

பெரியாஸ்பத்திரி, பதினேழாம் அறை.
வியர்த்த முதுகில் கட்டில் கடதாசி ஒட்டுகிறது.
டொக்டர் நிலூகாவுக்குத் தமிழ் அரைகுறை,
எனக்குச் சிங்களம் அதிலும் பாதி.

பொரளைச் சந்தியில்
நிற்காத நூற்றிமுப்பத்தெட்டால் குதித்தபோது
முழங்கால் சிரட்டை வெளியே போய்
தானாகவே திரும்பி வந்ததை
கையால்தான் நடித்துக் காட்டினேன்.

தலையாட்டினா.
காலைக் கொஞ்சம் மடித்து,
பெருவிரல் இரண்டையும் உள்விளிம்பில் வைத்து
மெல்ல வெளிப்பக்கம் தள்ளினா.

நோகவில்லை.
நோவதற்கு முன்னமே
தொடை கல்லாகி,
என் கை பாய்ந்து அவ மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"பயத?"
"பயம்."
ஒரேயொரு எழுத்துத்தான் வித்தியாசம்.

அவ தேடினதும் அதைத்தானாம்,
நோவையில்லை.
கையை விடச் சொல்லவில்லை.
மற்றக் கையால், இடக்கையால்,
கோணல்மாணலாய்
அட்டையில் எழுதினா.