ஆணித் துளை

திடலைச் சுற்றித் தகரம் அடித்த வருடம்
எனக்குப் பத்து வயது.
அதுவரை பந்தாட்டத்துக்கு விலை உண்டென்று
சுங்கை கெலாடியில் யாருக்கும் தெரியாது.
மழைக்கு விலை உண்டா? கொசுவுக்கு?

பெரியவருக்கு ஒரு வெள்ளி,
சிறுவருக்கு நாற்பது காசு.
மூன்று மொழியில் பலகை,
தமிழில் மட்டும் எழுத்துப் பிழை.
அப்பாவின் நாள் சம்பளம் ஐந்து வெள்ளி எண்பது,
மழை பெய்தால் அதுவும் இல்லை.
ஒரு வெள்ளி என்றால் எண்பத்தாறு மரம் சீவ வேண்டும்
என்று விரல்விட்டு எண்ணினார்.
போகவில்லை.

மதலைமுத்து தகரத்தில் ஓர் ஆணியைப் பிடுங்கினான்.
அவன் போட்ட முதல் அவ்வளவுதான்.
ஒரு துளை, ஒரு கண்.
முற்பாதிக்குப் பத்துக் காசு.
நம்ம தோட்டம் தோற்றுக்கொண்டிருந்தால்
பிற்பாதிக்கு ஐந்து.
பெனால்டிக்குத் தனிக் கட்டணம்:
விசில் கேட்டதும்
துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டுதான்
பேரமே பேசுவான், பாவி.

துளைக்குள் தெரிந்தது
இடது கோல்கம்பம், கொஞ்சம் புல்,
கோட்டோரம் யாரோ கழற்றிவைத்த ஜப்பான் சிலிப்பர்.
கோல் விழுந்து நான் பார்த்ததில்லை.
முதலில் சத்தம் வரும்,
பிறகு சிலிப்பருக்குப் பக்கத்தில்
ஒருவர் மண்டியிட்டு உட்காருவார்.
இறுதியாட்டத்தன்று கையில் காசில்லை.
முற்பாதி பத்து, தோற்ற பிற்பாதி ஐந்து.
பிடுங்கிய ஆணியாலேயே தகரத்தில் கீறி வைத்தான்:
தெய்வானை 15.

மூன்று வெள்ளியான வருடம் எனக்குக் கல்யாணம்.
ஐந்தான வருடம்
பால்மரத்தைத் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டார்கள்.
ஆட்டத்தையே விற்றுவிட்டார்கள் என்று
தே தாரிக் கடையில் பேச்சு அடிபட்ட வருடம்
டிக்கெட்டைச் சும்மா கொடுத்தார்கள்.
ஒரு தடவை விற்றுப்போனதை
யார் போய் வாங்குவது?

நேற்று போனோம் மூன்று பேர்,
கையுறைத் தொழிற்சாலையில் என் வரிசைக்காரிகளும் நானும்.
டிக்கெட் இருபத்தைந்து.
கைப்பேசியில் வாங்கியதற்கு மேலே மூன்று,
வசதிக் கட்டணமாம்.
அமுக்கியது என் விரல், வசதி யாருக்கோ.
காடி நிறுத்தப் பத்து,
பழைய புகைக்கூட வாசலில்; பங்கு போட்டுக்கொண்டோம்.
தண்ணீர் போத்தலை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு
உள்ளே அதே தண்ணீர் நாலு வெள்ளி.
ஜெர்சி நூற்று இருபத்தொன்பது.
தொட்டுப் பார்த்தேன்,
அதற்கு இன்னும் விலை வைக்கவில்லை.
கூட்டிப் பார்த்தால் தொண்ணூறு நிமிடத்துக்கு
நாலு மணி நேரக் கையுறை.

முதல் வரிசைக்கு முன்னால் மஞ்சள் மேலங்கி போட்டுத்
திடலுக்கு முதுகு காட்டி
எங்களையே பார்த்து நின்றவன் மீசை நரைத்திருந்தது.
காது மட்டும் அதே காது.
இடைவேளையில் கேட்டேன்.
ஆட்டத்துக்கு எழுபது வெள்ளி, ஒரு பொட்டலம் சோறு.
திரும்பிப் பார்த்தால் பத்து வெள்ளி வெட்டு, என்றான் மதலைமுத்து.
பத்து.
விலையை அவன் ஏற்றவில்லை,
காசுதான் வெள்ளியாகியிருக்கிறது.

எழுபத்தெட்டாவது நிமிடம் விசில்.
நமக்குப் பெனால்டி, ஒரு கோல் பின்னால் இருக்கிறோம்.
மூவாயிரம் பேரும் எழுந்தோம்.
அவன் திரும்பவில்லை.
கழுத்து நரம்பு ஒரு தரம் புடைத்து அடங்கியது.
நேராக என் முகத்தைப் பார்த்தான்,
ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு.

கைகொட்டலாமா கூடாதா என்று தெரியாமல்
ஆடாமல் நின்றேன்.

பந்து கம்பத்துக்கு மேலே போய்
வேலிக்கு அப்பால் செம்பனைக்குள் விழுந்தது.
நான் வாயைத் திறக்கவே இல்லை.
அவன் பார்த்துவிட்டான்.

மெதுவாகக் கையைத் தூக்கி
ஐந்து விரலைக் காட்டினான்.